உஷ் டீச்சரும் மேடை அலமாரியும்

உஷ் டீச்சருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பள்ளி நூலகர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவளுக்குச் சேவை விருது! முப்பது வருடம் நூலகத்தில் பிள்ளைகளை 'உஷ்' என்று அடக்கியே அந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்தவள், வரும் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். கூட வந்த கணவர்தான் அவளை அடக்க வேண்டியதாயிற்று.

விருது கிடக்கட்டும். அதைக் கொடுக்க வருபவர் கல்வித் துறை இயக்குநர். சின்னப் பள்ளிகளில் நூலகர் வேலையையே எடுத்துவிடப் போகிறார்களாம். கோப்பு அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

"விருதை வாங்கிட்டு ரெண்டு நிமிஷம் பேசுங்கக்கா. எப்படியாவது அவர் காதுல போட்டுடுங்க. அப்புறம் கிளம்பிடுவார், பிடிக்க முடியாது" என்று சங்கத் தலைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். டீச்சரும் பேச்சைக் கடகடவென்று ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்திருந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. மேடையில் அழகுக்கென்று ஒரு அலமாரி. அலங்காரம் செய்த புண்ணியவான் புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கியிருந்தான்! சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு. சமையலும் வானவியலும் தோளோடு தோள். ஒரு நாவலின் முதல் பாகம் மேல் தட்டில், இரண்டாம் பாகம் அடித் தட்டில்.

"என்னங்க, அதைப் பாத்தீங்களா?"

"பாக்காத. இந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

"கை அரிக்குதுங்க."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோயேன், தாயே!"

பொறுத்தாளா? வரவேற்புரை நீண்டுகொண்டே போக, நைசாக மேடையேறி அலமாரி முன் உட்கார்ந்துவிட்டாள். கீழே இருந்த நூலகர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. அவர்களுக்கும் அதே அரிப்புதானே! முதல் வரிசையில் ஒருத்தி, எந்தப் புத்தகம் எந்தத் தட்டு என்று சைகை வேறு காட்டினாள்.

விருதுக்கு அழைத்தபோது கடைசித் தட்டு முடிந்திருந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, தூசிக் கையோடு விருதை வாங்கி, மைக் முன் நின்றாள். ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. அடிப்பாவி, எல்லாம் போச்சே! அவளுக்கு அழுகை முட்டியது.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நகர்ந்தவர், போகிற போக்கில் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். இரண்டு பக்கம் புரட்டினார். கை போன இடத்தில் செருகினார்.

"ஐயையோ!"

அரங்கம் முழுக்க ஒரே குரல். மனிதர் வெலவெலத்துப் போனார். "என்ன ஆச்சு?"

"இடம் மாத்தி வச்சுட்டீங்க சார்." டீச்சருக்குக் குரல் திரும்பிவிட்டது. "நாளைக்கு ஒரு புள்ள அதைத் தேடி வரும். கிடைக்காது. இங்க இல்ல போலன்னு போயிடும். அப்புறம் அந்தப் பக்கமே வராது. இப்படி 'ஐயையோ'ன்னு கத்தறதுக்கு ஸ்கூலுக்கு ஒரு ஆள் வேணும் சார். அவ்வளவுதான் நாங்க கேக்கறோம்."

இயக்குநர் திரும்பிப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

"இது எங்க?"

"ரெண்டாவது தட்டு!" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். வைத்தார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. உதவியாளரிடம், "வண்டி நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மைக்குக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கோப்புல நான் இன்னும் கையெழுத்துப் போடல. சொல்லுங்கம்மா, கேக்கறேன்."

அவ்வளவுதான், அரங்கம் ஒரே கூச்சல், விசில். சந்தோஷத்தில் டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் இந்தச் சத்தத்தில் எப்படிப் பேசுவது? கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்!"

அத்தனை நூலகர்களும் கப்சிப் என்று உட்கார்ந்தார்கள்.