மேல்வீட்டு அருவி

‘டக்!’

ஃப்ளஷ் தொட்டிக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. நர்ஸம்மா பிடித்திருந்த கைப்பிடி சட்டென்று பிடிமானம் விட்டுத் தொளதொளவென்று தொங்கியது. மறுபடி அழுத்தினார். இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

“சரியாப் போச்சு போ,” என்றார் சுவரைப் பார்த்து. ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் பேச்சில் பாதியைக் கேட்பது சுவர்தான்.

அது வெள்ளிக்கிழமை விடியற்காலை. பிளம்பருக்குப் போன் போட்டார். “இதோ வந்துட்டே இருக்கேம்மா,” என்றான். சனிக்கிழமையும் வந்துகொண்டேதான் இருந்தான். அதுவரை நர்ஸம்மா வாளியில் தண்ணீர் பிடித்து, மெதுவாக ஊற்றிச் சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுமை போய்விட்டது. காரணம் கழிப்பறை மட்டுமல்ல, மகனும்தான். தூர தேசத்தில் இருப்பவன் ஞாயிறு தவறாமல் பேசுவான். போன வாரம் அவன் கேட்ட கேள்வி இன்னும் தொண்டையில் முள்ளாக நின்றது.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தீங்கன்னா யாருக்கும்மா தெரியும்? ஒரு பேரு சொல்லுங்க. ஒரே ஒரு பேரு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். தோட்டமெல்லாம் இருக்கிறதாம். ஆயுசெல்லாம் வார்டில் அடுத்தவர் படுக்கையைச் சரிசெய்தவருக்கு, வரிசையாய்ப் போட்ட கட்டிலில் தானும் ஒன்றாகப் போய்ப் படுக்க மனம் ஒப்பவில்லை. யோசிக்க ஒரு வாரம் கேட்டிருந்தார். வாரம் இன்றோடு முடிகிறது. பெயர்தான் அகப்படவில்லை. எதிர் ஃப்ளாட் பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து ஃப்ளாட் ஜோடி காதில் எதையோ செருகிக்கொண்டே மாடி ஏறி, செருகியபடியே இறங்குகிறது.

கீழ்வீட்டுக்காரரை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த மனிதர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடமே அவருக்குப் ‘புகார்ப்பெட்டி’ என்று பெயர் வைத்திருந்தது. போன வருடம் குடியிருப்போர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, “மேல்வீட்டுல தினம் காலைல அஞ்சரைக்கு அருவி கொட்டுது. மனுஷன் தூங்க வேணாமா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. “எனக்கு வர்ற நேரத்துக்குத்தானே சார் நான் போக முடியும்? உங்ககிட்ட டிக்கெட் வாங்கிட்டா போகணும்?” என்று நர்ஸம்மாவும் விடவில்லை. அத்தோடு பேச்சு வார்த்தை அறுந்தது. வீம்புக்கென்றே அதன்பின் அஞ்சரை மணி தப்பாமல், கைப்பிடியை ஒரு பிடி கூடுதலாகவே அழுத்தினார். சில மாதங்களில் புகார்ப்பெட்டியின் மனைவி இறந்துபோனாள். நர்ஸம்மா கூட்டத்தோடு கூட்டமாக வாசல்வரை போய் நின்றுவிட்டு மேலே வந்துவிட்டார். என்ன நோய் என்றுகூட விசாரிக்கவில்லை.

சரி, நோயாளியைப் பார்ப்போம் என்று தொட்டியின் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. மிதவைப் பந்து அழகாக மிதந்தது. ஆக, தண்ணீர் வரத்தில் கோளாறு இல்லை. முழங்கைவரை கையை விட்டு, அடியில் இருந்த ரப்பர் மூடியைத் தூக்கினார். தண்ணீர் மடமடவென்று இறங்கியது. போக்கிலும் கோளாறு இல்லை. கைப்பிடியையும் ரப்பர் மூடியையும் இணைக்கும் சங்கிலிதான் துருப்பிடித்து அறுந்து, அடியில் புழு மாதிரிச் சுருண்டு கிடந்தது.

“இவ்வளவுதானா நீ,” என்றார் அதனிடம்.

பழக்க தோஷத்தில் கட்டுத் துணியைக் கிழித்துக் கட்டினார். நனைந்ததும் துணி இளகியது. ரப்பர் பாதி எழுந்து, படுத்துக்கொண்டது. பழைய கொடிக்கயிற்றிலிருந்து நைலான் இழை ஒன்றை உருவிக் கட்டினார். இறுக்கமாகிவிட்டது. ரப்பர் சரியாக உட்காராமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. தளர்த்தினால் தூக்கவில்லை, இறுக்கினால் மூடவில்லை. கைப்பிடியை ஒரு கை அசையாமல் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். ஆண்டவன் கொடுத்ததே மொத்தம் இரண்டு. தொட்டியின் விளிம்பில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, முதல் முறையாக, மகன் சொல்வதில் நியாயம் இருக்குமோ என்று நினைத்தார்.

அப்போது வாசல் கதவைப் படபடவென்று தட்டும் சத்தம். மணி இருக்கும்போது எதற்கு இந்தத் தட்டு?

ஈரக் கையோடு போய்த் திறந்தார். புகார்ப்பெட்டி நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போயிருந்தது. மூச்சு வாங்கியது.

“என்ன சார், கீழ ஒழுகுதா? நாளைக்குச் சரியாயிடும். கூட்டத்துல எழுந்திருக்காதீங்க.”

“ஒழுகல சிஸ்டர்.” அவர் நர்ஸம்மாவை உச்சி முதல் கால்வரை பார்த்தார். “ஒண்ணும் ஆகலையே உங்களுக்கு?”

“எனக்கென்ன? ஃப்ளஷ்தான் போச்சு.”

“அதானா,” என்று அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “நான் பார்க்கட்டுமா?”

பார்த்தார். பார்த்ததோடு சரி. மிதவைப் பந்தை வளைத்தால் போதும் என்றார்.

“சார், அதை விடுங்க. அது நல்லாயிருக்கு. இந்தக் கைப்பிடியை மட்டும் ஆடாம பிடிங்க. டிக்கெட் இல்லாதவனைப் பிடிப்பீங்களே, அப்படி.”

புகார்ப்பெட்டி முதல் தடவையாகச் சிரித்தார். பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா நூல் பிரியாத தையல் முடிச்சாக ஒன்று போட்டு, மேலே இன்னொன்றும் போட்டார். அழுத்தினார். தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. இருவரும் அதைக் கடைசிச் சொட்டுவரை கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கூடத்தில் போன் அடித்தது. மகன்தான்.

“யோசிச்சீங்களாம்மா?”

நர்ஸம்மா போனின் ஸ்பீக்கரை அணைத்து, காதோடு ஒட்டினார். புகார்ப்பெட்டி துண்டில் கை துடைத்தபடி, மாறிப்போன பொத்தானை இப்போதுதான் கவனித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“சாயங்காலம் பேசறேன்டா. வீட்ல ஆள் இருக்கு,” என்று சொல்லி வைத்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லி எத்தனை காலமாயிற்று.

புகார்ப்பெட்டி வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினார். செருப்பே இல்லை. வெறுங்காலோடுதான் மாடி ஏறி வந்திருக்கிறார்.

“ஏன் சார் இப்படி ஓடி வந்தீங்க?”

“முந்தாநாள் அஞ்சரைக்கு அந்தச் சத்தம் கேக்கல. நேத்தும் கேக்கல. படி ஏறி வந்தேன், உள்ள டிவி ஓடிச்சு, இறங்கிட்டேன். இன்னிக்கு டிவியும் இல்ல.” தலையைக் குனிந்துகொண்டார். “நாளைலேருந்து அஞ்சரைக்கே போடுங்க. நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன்.”

நர்ஸம்மாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

“அப்புறம் எதுக்கு சார் அன்னிக்குக் கூட்டத்துல அப்படி மானத்தை வாங்கினீங்க?”

இரண்டு படி இறங்கியவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

“அப்ப அவ இருந்தா சிஸ்டர். ராத்திரி முழுக்க வலி. விடியக்காலைலதான் கொஞ்சம் கண்ணசருவா.”