வாசல்ல குடம் இருக்குது

எங்கள் ப்ளூஸ் ராக் குழுவின் பெயர் ‘செங்கம் ரோடு’. நாங்கள் மூன்று பேர். எழிலரசி பாட்டு, நான் கிட்டார், மகாவீர் டிரம்ஸ். போட்டது ஒரே ஆல்பம், ‘கல் சூடு’. அதற்குப் பிறகு எழிலுக்கும் எனக்கும் கல்யாணம் ஆயிற்று. போன மாசியில் அவள் இறந்தாள். கிட்டார் உறைக்குள் இருக்கிறது.

இப்போது ஒரு சென்னைக் கம்பெனி அந்த ஆல்பத்தைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறது. மகாவீர் வேங்கிக்காலில் என் வீட்டுக்கு வந்தான். விழாவில் பாடப்போகும் கல்லூரிப் பெண் சினேகாவையும் கூட்டி வந்திருந்தான்.

“மூணாவது பாட்டு நடுவுல பேச்சு வருதுல்ல, அத எடுத்துடலாமானு கேக்கறாங்க. நீ சரின்னா போதும்டா புகழ்.”

“எடுக்கட்டும்.”

“ஒரு தடவ கேட்டுட்டு சொல்லேன்.”

“வேணாம்.”

அந்தப் பேச்சு எங்கள் தவறு. ரமணாசிரமம் பக்கம் ஒரு வாடகை அறையில் பதிவு செய்தோம். மூன்று பேரும் இதே ஊர். இருந்தும் அன்று பௌர்ணமி என்பது ஒருவருக்கும் நினைவில்லை. மாலையில் சாலை நிறையக் கிரிவலக் கூட்டம். புழுக்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். பாட்டின் பாதியில் ஒரு பெரியவர் வாசலில் நின்று, “தண்ணி இருக்குதாம்மா?” என்றார்.

மலை சுற்றுகிறவர் தண்ணீர் கேட்டால் இந்த ஊரில் யாரும் பேசாமல் இருக்கமாட்டார்கள். எழில் பாட்டை நிறுத்தினாள். “வாசல்ல குடம் இருக்குது, மொண்டு குடிங்க. மெதுவா போங்க.” பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினாள். அதுவரை நான் ஒரே சுரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். திரும்பப் பாடியது எதுவும் அவ்வளவு நன்றாக வரவில்லை. அதையே வைத்துக்கொண்டோம்.

சினேகா அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினாள். மகாவீர் நாற்காலியில் தாளம் போட்டான். குரல் எழிலுடையது போல இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

“என்னம்மா, மறந்துட்டியா?” என்றேன்.

“இல்லண்ணா. யாராச்சும் தண்ணி கேக்கணுமே? எங்க காலேஜ்ல கூட்டமே கத்தும்.”

“அது பாட்டு இல்லம்மா. யாரோ வழில போனவரு.”

“பாட்டு இல்லயா?” முகம் வாடிவிட்டது. “போங்கண்ணா. அந்த எடத்துக்காகத்தான் எல்லாரும் பாடறதே. வேலூர்ல ஒரு பேண்டு குடத்தையே மேடைக்கு தூக்கினு வந்துட்டாங்க.”

“நீங்க?”

“எங்களுக்கு கெடச்சது வாட்டர் கேன்தான்.”

மகாவீர் சிரித்தான். நான் எழுந்துபோய் உறையைப் பிரித்தேன். சுருதி வெகுவாக இறங்கியிருந்தது. ஏற்றினேன்.

“கம்பெனிக்கு இன்னாடா சொல்றது?”

“அதுல கை வெக்க வேணாம்னு சொல்லு.”

சினேகா முதலிலிருந்து பாடினாள். அந்த இடம் வந்தது. நான் அதே சுரத்தில் நின்றேன். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

“தண்ணி இருக்குதாம்மா?” என்றேன்.

“வாசல்ல குடம் இருக்குது, மொண்டு குடிங்க,” என்றாள் அவள். “மெதுவா போங்க.”