பிலேயாம் டப்பா

எங்கள் வாரப் பத்திரிகையில் பத்தியின் அடியில் இடம் மிஞ்சினால், மேஜைக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டப்பாவில் கைவிட வேண்டும். அதன் பெயர் பிலேயாம். பைபிளில் பிலேயாம் என்பவனிடம் அடிவாங்கிய கழுதை வாய் திறந்து பேசியதல்லவா? கழுதைப் பேச்செல்லாம் கிடக்கும் இடம் என்று ஸ்காட்லாந்தின் பழைய இலக்கியப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். ஒதுக்கித் தள்ளிய கவிதை, கட்டுரை எல்லாம் அதற்குள்தான். 1954இல், அதே ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில், அந்த டப்பாவுக்கு நான்தான் ராணி. இருபத்து மூன்று வயது, கொஞ்சம் நாக்கு நீளம்.

டப்பாவில் பாதி வாட்டி லம்ஸ்டன் எழுதியது. தேவாலயத்தில் மணியடித்து, பாதிரியாருக்கு முன்னால் வேதப் புத்தகத்தைச் சுமந்து போகிறவர். பன்னிரண்டு வருஷமாக அனுப்பினார், ஒன்றும் அச்சேறவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரிகை வாங்கி, எங்கள் கவுண்டரிலேயே நின்று ஒவ்வொரு பத்தியின் அடியையும் பார்ப்பார். ஆசிரியர் டால்கார்னோ உள்ளே உட்கார்ந்து சிரிப்பார். நானும் சிரித்தேன், பாவி.

அந்த மார்ச்சில் அவர் மனைவி இறந்துபோனாள். அடுத்த மாதம் ஒரு தாளோடு வந்தார். கண் மங்கிக்கொண்டே வருகிறது, இது ஒன்றையாவது பார்வை இருக்கும்போதே அச்சில் பார்த்துவிட வேண்டும் என்றார். அதுவும் பிலேயாமுக்குத்தான் போயிற்று.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, மீன் விலைக்கு அடியில் ஒன்பது வரிக்கு இடம் இருந்தது. கைவிட்டேன், அந்தத் தாள் வந்தது. மீன் கூடையோடு கரையில் நடந்துவரும் ஒரு பெண்ணைப் பற்றிப் பத்து வரி. ஒன்பது வரி படித்ததுமே இதைப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பத்தாவதைப் பார்க்காமலே வெட்டினேன். இடம் போதாவிட்டால் வாலை வெட்டுவதுதான் எங்கள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை வாட்டி மீன் விலையைத் தாண்டியதும் தொப்பியைக் கழற்றினார். தாளை மூக்கருகே பிடித்து மெல்லப் படித்தார். நான் பெருமையோடு நின்றிருந்தேன். முடித்தவர் பக்கத்தைத் திருப்பி எதையோ தேடினார்.

"மிச்சம் எங்கம்மா?"

"இடம் பத்தலீங்க. ஒரு வரிதான் எடுத்தேன்."

"அந்த வரியிலதான் அவ பேரு இருந்துச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனுஷர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை புதுத் தாளோடு வந்து நின்றார். 'எஃபி' என்று மனைவி பெயரிலேயே ஆரம்பித்திருந்தார்.

"தலையிலயே வெச்சுட்டேன். இனி எங்க வேணா வெட்டிக்க," என்றார். பிறகு மேஜைக்கடியில் இருந்த டப்பாவைப் பார்த்தார். "அந்தக் கழுதை மூணு அடி வாங்கினதும் பேசிருச்சும்மா. நான்தான் பன்னெண்டு வருஷம் வாங்கினேன்."

ஒரே விஷயத்தை இரண்டு தடவை போடுவதா என்று டால்கார்னோ குதித்தார். மூன்று வாரம் சண்டை போட்டேன். கடைசியில் அவரைக் கேட்காமலே மீன் விலையில் பத்து வரியை வெட்டி எறிந்துவிட்டு எஃபியைப் போட்டேன். ஹாடாக் மீன் விலை எங்கே என்று துறைமுகமே என்னைத் திட்டியது. திட்டட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை வாட்டி தாளை மூக்கில் ஒட்டவைத்துப் பார்த்தார், விலக்கிப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை. நான் கவுண்டரைச் சுற்றி வந்து அவர் விரலைப் பிடித்து முதல் வார்த்தையின் மேல் வைத்தேன்.