எல்லோரும் மாறும் நாள்

பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். மிஞ்சியவை இரண்டே வழிகள்: ஆற்றோரச் சாலை, மார்க்கெட் சாலை. என் மனைவி ரத்த மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறாள். வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான். தினமும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

திங்களன்று ஆற்றோரம் போய் நெரிசலில் மாட்டினாள். செவ்வாயன்று மார்க்கெட் பக்கம் திரும்பினால், அங்கேயும் அதே கதி. காலை ஏழரைக்குள் போகாவிட்டால் மாதிரிகள் வீண். இன்னொரு நாள் தாமதமானால் வேனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக ஆய்வகப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை காய் நறுக்கிக்கொண்டே யோசித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்னங்க, திங்கக்கிழமை என் முன்னாடி நின்ன தண்ணி லாரியும் மெத்தை வண்டியும்தான் இன்னைக்கும் என் முன்னாடி நின்னுச்சு."

எனக்குப் புரியவில்லை. இருபது வருடமாக டாக்சி ஓட்டுகிறேன் என்றுதான் பெயர். அவளே தக்காளிகளை இரண்டு வரிசையாக அடுக்கி விளக்கினாள். ஆற்றோரம் மாட்டியவர்கள் எல்லோரும் மறுநாள் ஒன்றாக மார்க்கெட்டுக்கு மாறினார்கள். நெரிசலும் அவர்களோடு மாறியது. இன்று மார்க்கெட்டில் நொந்தவர்கள் நாளை என்ன செய்வார்கள்? தக்காளி மொத்தத்தையும் பழைய வரிசைக்குத் தள்ளினாள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.

அவளுடைய அண்ணனும் டாக்சிக்காரன்தான். ஸ்டாண்டில் அவனுக்குக் 'குறுக்குச்சந்து' என்று பெயர். போனில் கேட்டுவிட்டுச் சிரித்தான். இன்று அடிபட்ட இடத்துக்கே நாளையும் போவாளாம், இவளுக்கு மூளை கழன்றுவிட்டது என்றான்.

புதன் காலை அவள் மார்க்கெட் சாலையிலேயே போனாள். ஏழு பத்துக்கு ஆய்வகத்தில் இருந்தாள். குறுக்குச்சந்து ஆற்றோரத்தில், அந்தத் தண்ணி லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

மாலையில் வந்தவள், என் டாக்சி சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் வேன் சாவியை மாட்டினாள். இனி அது அவளிடமே இருக்கட்டும் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம். நான் அந்த இரண்டு சாவிகளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்டாண்டில் இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

மச்சான் வந்தான். வந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்கு எந்த ரோடும்மா?"

"நீ எதுல போறேன்னு சொல்லு அண்ணே. நான் மத்ததுல போறேன்."