பில்லி பில்ல

சக்திக்குத் தெலுங்கு தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியும் என்று அவள் இன்றைக்கும் சாதிப்பாள். திருமங்கலத்தில் மூன்று பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறாள், போன் பண்ணும்போதெல்லாம் "பாகுன்னாரா" என்று தெலுங்கில் நலம் கேட்டுத்தான் ஆரம்பிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் ஓசூரில் நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த மூக்கண்டப்பள்ளி மாடி ரூம் கண்முன்னால் வந்து நிற்கும். கோபம் எங்கே போனதென்று தெரியாது.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான புதிது அப்போது. நாங்கள் இரண்டு பேரும் சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் செட் கட்டும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். அருப்புக்கோட்டை வெயிலில் வளர்ந்த எனக்கு ஓசூர்க் குளிர் ஆகவே ஆகாது. மார்கழியில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துவிடும். ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பெனிக் கோட்டு, அதற்கும் மேல் துப்பட்டா என்று சுற்றிக்கொண்டு மூட்டை மாதிரி பஸ்ஸுக்கு நிற்போம். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் குளிரில் ஒரே ஒரு காலை கிடைக்காதா என்று இருக்கிறது.

அப்படி ஒரு காலையில்தான் டிஸ்பாட்ச் பக்கம் அட்டைப்பெட்டி அடுக்குக்கு நடுவில் அந்தக் குட்டியைப் பார்த்தேன். சாம்பல் நிறம், உள்ளங்கை அளவு. தாயைக் காணோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செக்யூரிட்டி பார்த்தால் காம்பவுண்டுக்கு வெளியே நாய்கள் பக்கம் வீசிவிடுவார். ஷிப்ட் முடியும் வரை ஒரு பெட்டியில் ஒளித்து வைத்து, பிறகு சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கேட்டில் பை சோதிக்கிற அம்மா கையை நீட்டுகிற நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு முனகல். நான் இருமினேன். கூடவே சக்தியும் இருமினாள். ரெண்டு பேரும் முதலில் போய் டாக்டரைப் பாருங்கள் என்று அந்த அம்மா எங்களைத் தள்ளிவிடாத குறையாக அனுப்பிவிட்டது.

கீழ்வீட்டில் ஓனர் சரோஜம்மாள். தங்கமான மனுஷி, பூனை விஷயத்தைத் தவிர. குட்டியைக் கண்டதும், பூனை ஏறிய வீட்டில் பால் தங்காது, சோற்றில் முடி கிடக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பூனை போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் போக வேண்டும். குட்டியை மறுபடியும் ரோட்டில் விட எனக்கு மனசு வரவில்லை. லைனில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் கொஞ்சத்தான் ஆசை, கொண்டுபோக ஆளில்லை.

"நாராயணம்மாக்காவக் கேப்போம். மாடு இருக்கு, பால் இருக்கு, வேறென்ன வேணும் பூனைக்கு? நான் தெலுங்குலயே பேசுறேன், நீ சும்மா நில்லு" என்றாள் சக்தி.

நாராயணம்மா எங்களுக்குப் பால் ஊற்றுகிற அக்கா. பாகலூர் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வீடு. புருஷன் ராமப்பன், கொஞ்சம் நிலம், நாலு மாடு. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், எதிர்வீட்டு கெம்பம்மாவோடு கன்னடம். கல்யாணமாகி வெகு காலமாகியும் குழந்தை இல்லை. எங்கேயாவது ஒரு பெண் குழந்தையைக் கேட்டு வாங்கி வளர்ப்போம் என்று அந்த அக்கா புருஷனிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தது. யார் பெற்றதோ, எந்த ஊரோ, நாளைக்கு என் நிலம் யாருக்குப் போகும் என்று ராமப்பன் மறுத்துக்கொண்டே இருந்தார். இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரியும். முன்பே சொல்லாவிட்டால் உங்களுக்குக் கதை விளங்காது.

தெலுங்கில் பூனை என்றால் பில்லி. பில்ல என்றால் பெண் குழந்தை, பொதுவாகக் குட்டி என்றும் ஆகும். பூனைக்குட்டிக்குப் பில்லி பில்ல. லைனில் ஒரு தெலுங்குப் பெண் இதை ஒழுங்காகத்தான் சக்திக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நம் மகாராணி என்ன நினைத்தாள் தெரியுமா? நாம் காப்பி கீப்பி என்கிறோமே, அந்த மாதிரிதான் பில்லி பில்ல என்று நினைத்திருக்கிறாள். எதற்கு இரண்டு தடவை, ஒன்று போதும் என்று பில்லியைக் கழித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை. நாராயணம்மா பாலை அளந்துகொண்டிருந்தது. சக்தி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, மா தக்கர ஆட பில்ல உந்தி. மீக்கு காவாலா?" என்றாள். எங்களிடம் ஒரு பெண் குட்டி இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டதாக அவள் நினைப்பு. நாராயணம்மாவின் காதில் விழுந்தது குழந்தை.

அக்காவின் கை அப்படியே நின்றது. ரூம் கதவு சாத்தியிருந்ததை ஒரு பார்வை பார்த்தது. குரலைத் தாழ்த்தி, யாருடையது என்று தமிழில் கேட்டது. தெரியாது, கம்பெனிக்குள் கிடந்தது என்றாள் சக்தி. அம்மா? அம்மா இல்லை. பால் குடிக்கிறதா? நன்றாகக் குடிக்கிறது. யாருக்காவது தெரியுமா? ஓனரம்மாவுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியேற்றச் சொல்கிறார். எல்லாமே பூனைக்கும் பொருந்துகிறது, குழந்தைக்கும் பொருந்துகிறது. என் தலையெழுத்து, ஒரு கேள்வியாவது பொருந்தாமல் போயிருக்கக் கூடாதா.

யாரிடமும் மூச்சு விட வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றது நாராயணம்மா. போகும்போது இன்னும் ஒரு குவளை பாலை ஊற்றி, தண்ணீர் கலந்து காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னது. பார்த்தியா என் தெலுங்கை என்று சக்தி அன்று முழுக்கத் தரையில் கால் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாராயணம்மா ஒரு துண்டு வசம்பைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்து, கையில் கட்டிவிடு, பயப்படாமல் தூங்கும் என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் பூனைக்கும் வசம்பு கட்டுவார்கள் போல என்று சக்தி பெரிய மனுஷி மாதிரி விளக்கம் சொன்னாள். கழுத்தில் கட்டினோம். குட்டி அதைக் கடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது. சனிக்கிழமை அக்காவின் முகமே வேறாக இருந்தது. ராத்திரியெல்லாம் பேசி, கடைசியில் அவர் சரி என்று சொல்லிவிட்டார், நாளைக்கு ரெண்டு பேரும் வருகிறோம் என்றது. ஒரு பூனைக்குப் புருஷனிடம் ராத்திரி முழுக்கப் பேச வேண்டுமா என்று தோன்றியது எனக்கு. ஆனால் குட்டிக்கு வீடு கிடைத்த சந்தோஷத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ராமப்பன் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நாராயணம்மா பட்டுப் புடவையில். கையில் ஒரு மூங்கில் கூடை, அதில் துவைத்து மடித்த பழைய புடவை, பால் புகட்ட ஒரு பாலாடை, மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் கவுன். சத்தம் கேட்டுச் சரோஜம்மாளும் மாடிக்கு வந்துவிட்டார். நான் பெட்டியைத் திறந்து குட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன்.

நாராயணம்மா அதைப் பார்க்கவேயில்லை. என் தோளுக்கு மேலாக ரூமுக்குள் பார்த்தது. "பில்ல எங்கம்மா?" என்றது.

"இதான்க்கா பில்ல" என்றாள் சக்தி.

சரோஜம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது. கூடையையும் கவுனையும் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவிங்களா, இது பில்லிடி. நீங்க புள்ளைய தர்றேன்னு சொல்லி வெச்சிருக்கீங்க" என்றார்.

சக்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் நீட்டிய குட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நாராயணம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டது. கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை, அதுதான் பார்க்க முடியவில்லை. ராமப்பன் மட்டும் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தப்பித்தோம் என்கிற மூச்சு அது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவரைப் பிடித்து உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. நட, போகலாம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ஒரு படி இறங்கினார்.

நாராயணம்மா நகரவில்லை. புருஷனோடு எப்போதும் தெலுங்குதான் பேசும். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கேட்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் கேட்டது.

"நேத்து சரின்னு சொன்னீங்க இல்ல?"

அவர் திரும்பினார். "அது அந்தப் புள்ளைக்குச் சொன்னது. இப்போதான் புள்ளையே இல்லையே."

"புள்ள இல்ல. நீங்க சொன்ன சொல்லு இருக்குதா இல்லியா?"

அவர் என்னைப் பார்த்தார், சரோஜம்மாளைப் பார்த்தார், மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த சக்தியைப் பார்த்தார். ஒருத்தியும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, இறங்கிய படியை மறுபடியும் ஏறினார். என் கையில் இருந்த குட்டி கத்தியது, தொண்டை சரியாகி முதல் தடவையாகச் சத்தமாக.

"இருக்குது" என்றார்.

நாராயணம்மா குனிந்து அந்தக் கவுனை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டது. பிறகு என் கையிலிருந்து குட்டியை வாங்கிக் கூடைக்குள் புடவை மேல் படுக்கவைத்தது. இது எலி பிடிக்கும், மாட்டுக் கொட்டகையில் இருக்கட்டும் என்றது. கூடையை ராமப்பன்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

திங்கட்கிழமை எங்களுக்குப் பால் வரவில்லை. சரோஜம்மாள் கறுப்புக் காப்பியைப் போட்டு மாடிக்கே கொண்டுவந்து கொடுத்தார். நாராயணம்மாக்காவும் ராமப்பனும் தத்துக்குக் குழந்தை கேட்டுக் கலெக்டர் ஆபீஸில் எழுதிவைக்க விடியற்காலையிலேயே கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டார்களாம்.