கவிழ்ந்தும் மல்லாந்தும்

ஒரு பக்கமாக அதிகம் சாயும் பொருளைப் போட்டு நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் மாட்டிக்கொண்ட சின்னவளுக்கு அதுதான் பிடிபடவில்லை.

கடை அண்ணன் தம்பி இருவருடையது. நடத்துவது அவர்கள் மனைவிமார், பெரியவளும் சின்னவளும். மதியம் சரக்குப் பார்க்க ஷட்டரைப் பாதி இறக்கியபோது ஸ்பிரிங் அறுந்து, அது தரையோடு உட்கார்ந்துவிட்டது. கரண்ட் இல்லை. இரண்டு போனும் உயிரை விட்டிருந்தன. தொண்டை கட்டும்வரை கத்தியும் சந்தில் ஆளில்லை. ஒருத்தி உள்ளே நின்று கம்பியால் நெம்பி மிதித்தால், மற்றவள் தவழ்ந்து வெளியேறி மெக்கானிக்கைக் கூட்டி வரலாம். மிதித்தவள் அதுவரை இருட்டில் கிடக்க வேண்டும்.

அடைத்த இடத்தில் சின்னவளுக்கு மூச்சு முட்டும். கேட்டால் பெரியவள் விட்டுக்கொடுப்பாள். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். யார் தயவும் இல்லாமல் வெளியேற வேண்டும்.

"சீட்டு எழுதலாமாக்கா?"

"எழுது, எழுது. மடிப்புல அடையாளம் வைக்கத்தானே?" கல்லாவில் நாணயமும் இல்லை. பெரியவள் வளைந்த லென்ஸ் ஒன்றை எடுத்தாள். "கவிழ்ந்தா நான் வெளியே, மல்லாந்தா நீ."

"எது அதிகம் விழும்னு தெரியாதே."

"ரெண்டு பேருக்கும்தான் தெரியாது. அப்போ பாதிக்குப் பாதி."

"நமக்குத் தெரியலைங்கறது லென்ஸுக்குத் தெரியுமா? அது அதோட வளைவுக்குத் தக்கபடி விழும்."

"பெரிய மேதை! போட்டுத்தான் பாரேன்."

ஷட்டர் ஓட்டைகளில் கசிந்த வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தார்கள். லென்ஸ் பெரும்பாலும் கவிழ்ந்தது. பெரியவள் சிரித்தாள். சின்னவளுக்குச் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருந்தது. எவ்வளவு சாய்கிறது என்று தெரியாது. ஆனால் ஒரே உயரத்திலிருந்து போட்டால் ஒவ்வொரு முறையும் அதே சாய்வுதானே?

"அக்கா, ரெண்டு ரெண்டு தடவையா போடலாம். கவிழ்றது பத்துக்கு ஏழுன்னு வை. கவிழ்ந்து மல்லாந்தா நூத்துக்கு ஏழு மூணு இருபத்தொண்ணு. மல்லாந்து கவிழ்ந்தா மூவேழு இருபத்தொண்ணு. ஏழுக்குப் பதில் எது இருந்தாலும் ரெண்டும் சமம்தான்."

பெரியவள் விரலில் எண்ணிப் பார்த்து, கடுப்போடு தலையாட்டினாள்.

கவிழ்ந்தது, கவிழ்ந்தது. செல்லாது. மறுபடியும் அதே. பிறகு மல்லாந்தது, கவிழ்ந்தது.

பெரியவள் கம்பியை மிதித்தாள். சின்னவள் தரையில் கன்னம் உரசத் தவழ்ந்து தெருக்காற்றை வாய் நிறைய இழுத்தாள்.

அவள் கூட்டி வந்த மெக்கானிக் ஷட்டருக்கு வெளியே குனிந்து, "யார் உள்ளே இருக்கறதுன்னு எப்படிம்மா முடிவு பண்ணீங்க?" என்றார்.

உள்ளேயிருந்து பெரியவளின் குரல் வந்தது: "சாயற பொருளா இருந்தா ரெண்டு தடவை போடணும். ரெண்டும் ஒண்ணா வந்தா செல்லாது, திரும்பப் போடணும். வேறவேறயா வந்தா, முதல்ல விழுந்த பக்கம் யாரோடதோ அவங்க வெளியே."