பதின்மூன்றாவது கிலோமீற்றர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே கால் மணி. சில்லாலைச் சந்தியைத் தாண்டியதும் றஜிதா பின்தங்கத் தொடங்கினாள். முன்னால் ஓடிக்கொண்டிருந்த கோபிசங்கர் திரும்பி, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

“எடி, அஞ்சு நாப்பது. அஞ்சு நாப்பதிலை வா.”

“வாறன்தானே. நீ முன்னுக்குப் பார்த்து ஓடு, மாடு நிக்குது.”

மாடு உண்மையாகவே வீதியின் குறுக்கே நின்றது. கோபிசங்கர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடினான். றஜிதா சிரிக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். உதடுகள் வெளுத்திருந்தன.

இருவருக்கும் நடுவில் ஓடிய தர்சிகா, மனதுக்குள் கிலோமீற்றர் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பதின்மூன்று. போன கிழமையும் பதின்மூன்றுதான்.

மூவரும் பண்டத்தரிப்புக்காரர். உயர்தரம் படித்த காலத்தில் ஒரே ரியூசன் வாங்கில் இருந்தவர்கள். இப்போது கோபிசங்கருக்கு வங்கியில் வேலை. றஜிதா யாழ்ப்பாணத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறாள். உயிரியல் பட்டதாரியான தர்சிகா, அதே ஊரில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில், பிறருடைய இரத்தத்தையும் சிறுநீரையும் நுணுக்குக்காட்டியில் பார்த்து அறிக்கை எழுதுகிறாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளுக்கு வாய் திறக்காது. எண்களோடு இருப்பது அவளுக்கு இலகு.

அடுத்த மாதம் பருத்தித்துறையில் அரை மரதன். கடற்கரை வீதியால் தொண்டைமானாறுப் பக்கம் போய்த் திரும்பும் இருபத்தொரு கிலோமீற்றர். மூவர் அணியாகவும் ஓடலாம். கடைசியாக வந்து சேருகிறவரின் நேரமே அணியின் நேரம். இரண்டு மணித்தியாலத்துக்குள் மூவரும் முடிக்க வேண்டும் என்பது கோபிசங்கரின் பிடிவாதம். அதற்குக் கிலோமீற்றருக்கு ஐந்து நிமிடம் நாற்பது விநாடிக்கு மேல் எடுக்கக்கூடாது.

றஜிதாதான் கடைசியாக வருகிறவள். அது அவளுக்கும் தெரியும். “என்னாலை உங்களுக்குக் கரைச்சல். வேறை ஆரையும் சேருங்கோ” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை சொன்னால் விலகிவிடுவாள் என்று தர்சிகா பயந்தாள்.

வீட்டுக்குப் போய்க் கொப்பியைத் திறந்தாள். ஐந்து மாத ஓட்டங்களும் அதில் இருந்தன. றஜிதாவின் நிரலைப் பார்த்தாள். பன்னிரண்டு வரை ஒழுங்கான எண்கள். பதின்மூன்றில் ஆறு நிமிடம். பதினைந்தில் ஆறரை.

காரணம் என்ன? சப்பாத்தாக இருக்கலாம் என்று ஒரு கிழமை தன் சப்பாத்தைக் கொடுத்துப் பார்த்தாள். எண்கள் மாறவில்லை. அடுத்த கிழமை ஓடுவதற்கு முன் வாழைப்பழம் கொடுத்தாள். மாறவில்லை. நித்திரை, எதிர்க்காற்று, மாதவிடாய் நாள்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

பிறகு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. நாலு ஓட்டங்களில் மட்டும் றஜிதா பின்தங்கவே இல்லை. நாலும் போயா நாள்கள், முழுநிலா விடுமுறைகள். கடை பூட்டு என்பதால் றஜிதா காலையிலேயே தர்சிகாவின் வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் அங்கிருந்து ஓடிய நாள்கள். அதுவும் வெயிலில். வெயிலில் நன்றாக ஓடுகிறவள் குளிர்ந்த விடியலில் ஏன் களைக்கிறாள்?

அடுத்த போயாவுக்குத் தர்சிகா காத்திருந்தாள். அன்று றஜிதா என்ன செய்கிறாள் என்று பார்ப்பது மட்டுமே அவளுடைய வேலை. றஜிதா வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். கதைத்தாள். குளியலறைக்குப் போய்வந்தாள். சாப்பிட்ட பிறகு இன்னொரு செம்பு. பின்னேரம் புறப்படுமுன் மறுபடியும் குடித்து, மறுபடியும் போய்வந்தாள். அன்று பதின்மூன்றாவது கிலோமீற்றரை ஐந்து முப்பத்தெட்டில் ஓடினாள்.

கோபிசங்கர் தன் வீட்டுக்குப் புறப்படும்வரை தர்சிகா பொறுத்திருந்து கேட்டாள்.

“றஜி, போன ஞாயிறு ஓடமுந்தி எப்ப தண்ணி குடிச்சனி?”

“என்னடி கேள்வி உது?”

“சொல்லன்.”

றஜிதா யோசித்தாள். “சனி கடை அரைநாள்தானே. வீட்டை வந்து மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு.”

“பிறகு குடிக்கேல்லையோ?”

“குடிச்சால் வழியிலை எங்கை போறது? கோபி பனைக்குப் பின்னாலை போவான். நானும் போகட்டோ?” சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். “கடையிலையும் அப்பிடித்தான். ரொயிலற் பின்னுக்கு, குடோனுக்குள்ளை. சீமெந்து இறக்கிற ஆம்பிளையள் எல்லாம் அங்கைதான் நிப்பினம். கதவுக்குக் கொண்டியும் இல்லை. நான் ஏழு வருசமா வேலை நாளிலை காலமை எட்டிலை இருந்து ஆறு மட்டும் ஒண்டும் குடிக்கிறேல்லை. பழகிட்டுது.”

“போகேக்கை எரிவு ஏதும் இருக்கோ?”

றஜிதா குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “இடைக்கிடை. சூடு எண்டு நினைச்சன். முதுகும் நோகும்.”

அன்றிரவு தர்சிகா கொப்பியை மறுபடி திறந்தாள். சப்பாத்துக்கு ஒரு நிரல், காற்றுக்கு ஒரு நிரல், சாப்பாட்டுக்கு ஒரு நிரல் இருந்தன. தண்ணீருக்கு நிரலே போடவில்லை. ஏன் போடவில்லை என்று யோசித்தபோதுதான் விளங்கியது. ஞாயிறு காலையில் அவளும் அரைக் கிளாஸுக்கு மேல் குடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பழகியது. மூவரில் இருவர் செய்ததை அவள் வித்தியாசமாகக் காணவில்லை. நாள் முழுவதும் சிறுநீரைப் பரிசோதிக்கிறவள், தான் எப்போது போகிறாள் என்று ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

மறுநாள் றஜிதாவின் மாதிரியை அவளே பார்த்தாள். கடும் மஞ்சள். கிருமித் தொற்று தெளிவாக இருந்தது. அறிக்கையோடு இருவரும் ஒரு பெண் வைத்தியரிடம் போனார்கள். அவர் மருந்து எழுதிவிட்டு, “இது சிறுநீரகத்துக்கு ஏறினால் ஓட்டம் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில்தான்” என்றார். மருந்து முடிந்து மறுபரிசோதனை சரியாக இருந்தால் ஓடலாம். ஆனால் நன்றாகக் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக்கூடாது.

மறுபரிசோதனை சரியாக வந்தது. கோபிசங்கருக்கு இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம்.

போட்டி நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. வழியில் ஐந்து இடங்களில் தண்ணீர் மேசைகள் இருந்தன. ஐந்திலும் றஜிதா குடிக்க வேண்டும் என்பது தர்சிகாவின் கட்டளை. முதல் இரண்டிலும் குடித்தாள். கோபிசங்கருக்கு ஆச்சரியம்.

“என்னடி, இண்டைக்குப் புதுசாத் தண்ணியெல்லாம்?”

“உன்ரை தண்ணியே?”

திரும்பும் இடத்தைத் தொட்டபோது அவர்கள் கணக்குக்கு இருபது விநாடி முன்னால் இருந்தார்கள். பன்னிரண்டாவது கிலோமீற்றரைத் தாண்டி, வல்வெட்டித்துறைக்குக் கிட்ட வரும்போது, றஜிதாவின் நடை மாறியது. காலைக் குறுக்கிக் குறுக்கி வைத்தாள். தர்சிகாவின் பக்கம் சாய்ந்து, “ஓடி முடிச்சிட்டுப் போறன். இன்னும் ஒன்பதுதானே” என்றாள்.

“டொக்டர் அடக்கக்கூடாது எண்டவா.”

“கோபி கொல்லுவான். ஆறு மாசமா ஓடினது.”

தர்சிகா முன்னால் பார்த்தாள். கோபிசங்கரின் முதுகு. கடல். வீதியோரத்தில் கைதட்டிக்கொண்டு நிற்கும் சனம். இன்னும் இருபது அடி போனால் இதைச் சொல்லும் துணிவு போய்விடும் என்று தெரிந்தது.

“கோபி,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “நில். றஜிதாவுக்கு ரொயிலற் போகவேணும்.”

கோபிசங்கர் நின்றான். வேலியோரம் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். தர்சிகாவின் காது சூடாகியது. ஆனாலும் நகரவில்லை.

“இப்பவோ?”

“இப்ப. அடக்கி அடக்கி அவளுக்கு வருத்தம் வந்து இப்பத்தான் மருந்து முடிஞ்சது. இனிக் கேக்காதை.”

எதிரே ஒரு வீட்டின் கேற் அகலத் திறந்திருந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஒரு பெண் வாசலில் நின்றார். றஜிதா வாய் திறக்கும் முன்னமே கையைக் காட்டினார். “கிணத்தடிக்குப் பக்கத்திலை, பிள்ளை. போங்கோ.”

“எப்பிடித் தெரியும், அக்கா?” என்று தர்சிகா கேட்டாள்.

“உங்களுக்கு முன்னம் மூண்டு பிள்ளையள் வந்திட்டினம். முதல் வந்த பிள்ளை கேற்றுக்கு வெளியிலை நிண்டு அழுதது, கேக்க வெக்கத்திலை. இனியும் வருவினம்தானே எண்டு திறந்து விட்டிருக்கிறன்.”

கோபிசங்கர் கேற் தூணில் கை வைத்து நின்றான்.

“அப்ப ஞாயிறுகளிலை நீங்கள் ரெண்டு பேரும் தண்ணி வேண்டாம் எண்டது?”

“இதுக்குத்தான்.”

“நான் அதை ஒரு திறமை எண்டெல்லோ நினைச்சன். வங்கியிலை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன், றஜிதா தண்ணி இல்லாமல் பதினைஞ்சு ஓடுவாள் எண்டு.” அவன் பருத்தித்துறைப் பக்கம் பார்த்தான். “ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“நீ கேட்டிருக்கலாம்” என்றாள் தர்சிகா.

மூன்றரை நிமிடம் போயிருந்தது. றஜிதா வந்ததும் மறுபடி ஓடினார்கள். நின்ற நேரத்தை விட்டால் பதின்மூன்று, ஐந்து முப்பத்தொன்பது. பதினாறு, ஐந்து முப்பத்தைந்து. கடைசிக் கிலோமீற்றரில் றஜிதா இருவரையும் முந்தி முடிவுக்கோட்டைத் தாண்டினாள். அணியின் நேரம் இரண்டு மணித்தியாலம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

கோபிசங்கர் நிலத்தில் மல்லாந்து கிடந்தபடி கணக்குப் பார்த்தான். “அந்த மூண்டரை நிமிசத்தைக் கழிச்சால் முடிச்சிட்டம்.”

“கழிக்கேலாது” என்றாள் றஜிதா. “அதாலைதான் ஓடினனான்.”

மைதான மூலையில் ஒரு மேசையில், ஓட்டத்தை ஒழுங்கு செய்த விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் கிறிஸ்துநாயகம் இருந்தார். ஓடியவர்களின் கருத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். விடிய இரண்டு மணியிலிருந்து நிற்கிறார். றஜிதா நேராக அவரிடம் போனாள். தர்சிகாவும் பின்னால் போனாள்.

“எப்பிடிப் பிள்ளை, குறை ஏதும் இருக்கே?”

“வழியிலை பொம்பிளையளுக்கு ரொயிலற் இல்லை, அண்ணை.”

கிறிஸ்துநாயகத்தின் பேனா நின்றது. பக்கத்தில் நின்ற கழகத்துக்காரர் இருவரைப் பார்த்தார். “அது… ஒருத்தரும் கேக்கேல்லையே, பிள்ளை. போன வருசமும் ஒருத்தரும் சொல்லேல்லை. தண்ணிக்கு மட்டும் ஒரு குறையும் வைக்கேல்லை. அஞ்சு இடத்திலை வைச்சனாங்கள்.”

“சொல்ல வெக்கம், அண்ணை. அதாலை குடிக்காமல் ஓடினம். குடிக்காமல் படிச்சம், குடிக்காமல் வேலை செய்யிறம். வருத்தம் வந்தாப் பிறகும் சூடு எண்டு சொல்லிக்கொண்டு திரியிறம். நாளைக்கு என்ரை கடை முதலாளிட்டையும் இதைத்தான் கேக்கப்போறன், கொண்டி போட்ட ஒரு கதவு.”

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். என்ன எழுதுவது என்று தெரியாமல் மறுபடி நிமிர்ந்தார்.

“எப்பிடி எழுத, பிள்ளை?”

றஜிதா ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவர் எழுதும் வேகத்துக்கு, சொல் சொல்லாகச் சொன்னாள்.

“தண்ணி வைக்கிற இடத்திலையெல்லாம் ரொயிலற்றும் இருக்கவேணும். இல்லாட்டி அது ஆம்பிளையளுக்கு மட்டும் வைச்ச தண்ணி.”